வங்கியில் 17 ரூபாய்க்குச் சண்டை போடும் அம்மா, சீட்டுக்கு மட்டும் ரசீதே கேட்கவில்லை. ஏன்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் எங்கள் தெருவில் பல வருடமாகச் சீட்டு நடத்திய தையல்கார அக்கா போன மாதம் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 சீட்டு, மாதம் 5,000. அம்மா இரண்டு சீட்டு போட்டிருந்தார். 17 மாதத்தில், தள்ளு (ஏலத்தில் எடுப்பவர் விட்டுக்கொடுப்பதில் வரும் பங்கு) போக, 1,46,000 ரூபாய் கட்டியிருக்கிறார். 17-ஆவது ஏலத்தில் 6,000 தள்ளி ஒரு சீட்டை எடுத்தவரும் அம்மாதான். வெள்ளிக்கிழமை பணம் தருகிறேன் என்று சொன்னாராம், வியாழக்கிழமை காலையில் வீட்டில் பூட்டு.

போலீஸ், வக்கீல் எல்லாம் அப்புறம். என் தலையைக் குடைவது வேறு. இதே அம்மா வங்கிக் கணக்கில் எஸ்எம்எஸ் கட்டணம் என்று 17 ரூபாய் பிடித்ததற்கு மேலாளர் மேசை முன்னால் போய் நின்றவர். காய்கறிக்காரர் தராசைத் தட்டிப் பார்க்காமல் ஒரு கிலோ வெங்காயம் வாங்க மாட்டார். ஒன்றரை லட்சத்துக்கு அவரிடம் இருந்த அத்தாட்சி ஒரு 40 பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி, அப்புறம் தேதியும் தொகையும், அதுவும் அம்மாவே எழுதிக்கொண்டது. ஒரு கையெழுத்து கிடையாது.

ஏன் கையெழுத்து வாங்கவில்லை என்று கேட்டேன். "கேட்டா அவ என்ன நினைப்பா?" என்றார். அவ்வளவுதான் பதில். உங்கள் வீடுகளில் எப்படி?

கறார்கந்தசாமி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேராசை. இரண்டு சீட்டு எதற்குப் போட வேண்டும்? வங்கியில் ஆர்.டி. போட்டிருந்தால் இப்படி ஆகுமா?

வைகைக்கரை

கந்தசாமி சார், கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்குச் சீட்டில் கிடைப்பது பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கணக்குத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரம்ப மாதத்தில் ஒருவர் 22,000 தள்ளி எடுக்கிறார் என்றால் அவர் கைக்கு 78,000. அந்த 22,000-ல் நடத்துபவருக்கு 5,000 கமிஷன் போக மீதி 17,000-ஐ 20-ஆல் வகுத்தால் சீட்டுக்கு 850. அந்த மாதம் 5,000-க்குப் பதில் 4,150 கட்டினால் போதும். இதுதான் அம்மாவுக்குக் கிடைத்த 'ஆதாயம்'. கடைசி மாதங்களில் அதுவும் 50 ரூபாய்க்கு வந்துவிடும். இதற்குப் பேராசை என்று பேர் வைத்தால் பேராசைக்கே கோபம் வரும்.

ஈமுக்குஞ்சு

பேராசைக்கு உதாரணம் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள் கந்தசாமி சார், என் பெயரைப் பார்த்தாலே புரியும். ஈரோடு மாவட்டம், பெருந்துறை சுற்றுவட்டாரம். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமு குஞ்சு, தீவனம், மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம், போதாததற்கு வருட போனஸ். 2012 ஆகஸ்டில் மொத்தமாகக் கவிழ்ந்தது.

பணம் கட்டியவர்களில் யாரும் நடிகர்கள் வந்த விளம்பரத்தைப் பார்த்து மட்டும் போகவில்லை. எங்கள் ஊரில் முதலில் கட்டியவர் ஒரு பங்காளி. ஆறு மாதம் சொன்ன தேதியில் பணம் வந்தது. ஏழாவது மாதம் புது பைக்கில் கோயிலுக்கு வந்தார். அந்த ஒரு பைக்கைப் பார்த்து எங்கள் சொந்தத்தில் மட்டும் ஒன்பது வீடு கட்டியது. ஈமு கறி யார் சாப்பிடுகிறார்கள், எண்ணெய் யார் வாங்குகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "மாமன் சொன்னா நம்ப மாட்டியா?" என்று அப்பா என்னைத்தான் திட்டினார். பணமும் போச்சு, பறவைக்குத் தீவனம் போட முடியாமல் ராத்திரியில் அது கத்துவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததில் தூக்கமும் போச்சு. பங்காளி இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்தில் முதல் பந்தியில் உட்காருகிறார். அவரும் பாவம் இழந்தவர்தான்.

சும்மாபடிப்பவன்

உளவியல் முதுகலை படித்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

2016-ல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு வாரம் வியர்க்க வியர்க்கப் போட்டுத் துவைக்காத டி-ஷர்ட்டைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். நாற்றம் ஒன்றுதான். அதில் இருந்தது வேறு பல்கலைக்கழகத்தின் சின்னம். 'நாங்கள் சசெக்ஸ்' என்று நினைக்க வைத்தால் அருவருப்பு அதிகம், 'நாம் எல்லோரும் மாணவர்கள்' என்று நினைக்க வைத்தால் குறைவு. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் இதையே வேறு விதமாகச் செய்தபோது, 'நம்ம ஆள்' சட்டையைத் தொட்டவர்கள் கை கழுவப் போனதும் மெதுவாகத்தான், கழுவியதும் குறைவாகத்தான். அருவருப்பு என்பது உடம்பு அடிக்கிற அபாய மணி. கூட்டத்துக்குள் அந்த மணியின் சத்தமே குறைகிறது.

ஆனால் எனக்கே இடிக்கிற ஒரு விஷயமும் உண்டு. 2004-ல் போனெட், செக்ஹவுசர் என்ற இருவர் செய்த சோதனை. ஒரே அளவு பணத்தை இழக்கும் வாய்ப்பு, ஒரு பக்கம் வெறும் குலுக்கல், இன்னொரு பக்கம் எதிரில் ஒரு மனிதன் ஏமாற்றலாம். குலுக்கல் என்றால் துணிகிறவர்கள் மனிதன் என்றதும் தயங்குகிறார்கள், இன்னும் நல்ல வாய்ப்பு இருந்தால்தான் வருவேன் என்கிறார்கள். பணம் போவதைவிட ஏமாற்றப்பட்டோம் என்பது அதிகமாக வலிக்கிறது. அந்தக் கணக்குப்படி அம்மா தையல்கார அக்காவிடம் வங்கியைவிடப் பத்து மடங்கு கறாராக இருந்திருக்க வேண்டும். அந்தச் சோதனையில் எதிரில் இருந்தவர் முகம் தெரியாதவர் என்பதால்தான் அப்படியோ என்னவோ.

பனிக்கால_யாழ்

நான் டொரொண்டோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். எல்லோரும் சீட்டை இப்படிப் போட்டுத் தாக்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இங்கே வந்த புதிதில் எங்களுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி என்று ஒன்றும் இல்லை, வங்கி கடன் தராது. ஆயிரம் டொலர் படி பத்துப் பேர் சேர்ந்து பிடித்த சீட்டில்தான் என்ர முதல் கார் வந்தது. இரண்டாவது மாதமே கழிவு (உங்கட 'தள்ளு') கூட விட்டு எடுத்தேன். அந்தக் காரில்தான் இரவு வேலைக்குப் போனேன். சீட்டுப் பிடித்த அக்கா என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊர் எது, யாருடைய மகன், அவ்வளவும் அவவுக்குத் தெரியும். அது அவ எடுத்த ரிஸ்க், நான் எடுத்தது இல்லை.

மேலே தம்பி ஆய்வு சொன்னார், நானும் ஒன்று சொல்கிறேன், மகள் பல்கலைக்கழகத்தில் படித்ததைச் சொல்லக் கேட்டது. 1999-ல் ஹ்சீ, வெபர் என்பவர்கள் சீன, அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டார்கள். பண விஷயத்தில் சீனர்கள்தான் கூடத் துணிந்தார்கள். படிப்பு, மருத்துவம் என்று வந்தால் அந்த வித்தியாசம் இல்லை. விழுந்தால் சொந்தபந்தம் பணத்தைத் தந்து தூக்கிவிடும் என்ற மெத்தை கீழே இருக்கிறது, அதுதான் காரணம் என்றார்கள். நோய் வருத்தம் வந்தால் சொந்தம் வந்து உங்களுக்காகப் படுக்க முடியாது தானே. எங்கட ஆட்கள் வந்த பத்து வருசத்தில் வீடு வாங்கியதும் கடை போட்டதும் இந்த மெத்தை இருந்தபடியால்தான்.

நொய்யல்நூல்

அந்த மெத்தை எல்லோருக்கும் விரிப்பதில்லை அண்ணே. திருப்பூரில் 25 வருடம் பனியன் தொழிலில் இருக்கிறேன், வெளியூர்க்காரன், உள்ளூர்ச் சமுதாயம் இல்லை. அபிஜித் பானர்ஜி (பிற்பாடு நோபல் வாங்கினாரே, அவர்தான்) கைவன் முன்ஷியோடு சேர்ந்து எங்கள் ஊரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார். கவுண்டர் சமுதாயத்துக் கம்பெனிகள் ஆரம்பிக்கும்போதே வெளியாட்களைவிட ரொம்பப் பெரிய முதலோடு ஆரம்பிக்கின்றன. வெளியாள் சின்னதாக ஆரம்பித்தாலும் வேகமாக வளர்ந்து, சில வருடத்தில் ஏற்றுமதியில் அவர்களைத் தாண்டிவிடுகிறான். அதாவது பணம் போனது திறமை இருக்கிற இடத்துக்கு இல்லை, தெரிந்த இடத்துக்கு.

எனக்கு இதைப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பவர் டேபிள் மெஷினை அடமானம் வைத்துத்தான் ஆரம்பித்தேன். பக்கத்து ஷெட்டில் ஒரு தம்பிக்கு அவன் பெரியப்பா ஒரு ஃபோனில் பணம் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தம்பி நல்லவன்தான், ஆனால் முதல் ஆர்டரிலேயே சாயம் ஒட்டாத நூலை வாங்கிவிட்டான். கடன் கொடுத்தவர்கள் கேட்கவே இல்லை, கேட்டால் பெரியப்பா முகம் வாடும். நான் அப்படி நூல் வாங்கியிருந்தால் மறுநாள் மெஷின் வெளியே போயிருக்கும். அந்தப் பயத்தில் நான் நூலைக் கையில் வைத்து இழுத்து இழுத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

காரைவீடு

கேட்காமல் கொடுப்பதில் எங்கள் தாத்தா காலத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கரைகண்டவர்கள். பர்மாவில் லேவாதேவி. முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார், கடல் தாண்டி மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று வருடக் கணக்கில் ஆள் போகும், வரும். ரங்கூன் மொகல் தெருவில் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். ஒருவருக்கொருவர் கடன் கொடுக்க ஈடு கேட்பதில்லை. உள்ளுக்குள் அது பெரும்பாலும் ஏமாற்றவும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. எல்லோரும் எல்லோரையும் பார்த்து ஒரே பொருளின் மேல், நெல்லின் மேல், கடன் கொடுத்து வைத்திருந்தார்கள். 1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் நிலத்தை விட்டார்கள். கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937 வாக்கில் 25 பங்கு. காசாக வேண்டிய பணமெல்லாம் சேறாகிக் கிடந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் கதை தனி. ஆளை நம்பியதில் தப்பில்லை, 'எல்லோரும் செய்கிறார்களே' என்று நெல்லையும் நம்பினார்கள் பாருங்கள், அதுதான்.

பெரியகுளத்துக்காரி

நான் சீட்டு நடத்துகிறவள். 14 வருடம். இந்த இழையை ராத்திரி ஒரு மணிக்குப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

எல்லோரும் கட்டுகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் ஆள் சேர்க்கிறதைக் கேளுங்கள். சொந்த வீடு என்றால் யோசிக்காமல் சேர்ப்பேன். வாடகை வீடு என்றால் முதல் ஐந்து ஏலத்தில் கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். எடுத்துக்கொண்டு வீடு மாறிவிட்டால் நான் எங்கே போய்த் தேடுவது? மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீடு என்றால் வேண்டாம், ஒருத்தர் எடுத்ததை இன்னொருத்தர் கட்ட மாட்டார். புதுசாக வந்தவர் யாராவது பழைய ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு. இதெல்லாம் வங்கி பார்க்கிற சிபில் ஸ்கோர்தான், எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

2020-ல் ஏப்ரல், மே இரண்டு மாதம் ஏலமே இல்லை. ஜூனில் ஆரம்பித்தபோது எடுத்த நான்கு பேர் கட்டவில்லை. ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள், எங்கிருந்து கட்டுவார்கள். என் ஆறு பவுன் வளையலை வைத்து எடுக்காதவர்களுக்குக் கொடுத்தேன். அந்த நான்கு பேரில் மூன்று பேர் ஒரு வருடத்தில் கட்டிவிட்டார்கள். நான்காமவர் இன்னும் 'அக்கா, அடுத்த மாசம்' என்கிறார். என் கணவருக்குக்கூட வளையல் விஷயம் அப்போது தெரியாது. ஓடிப்போனவள் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கும் இப்படி ஒரு நான்கு பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என்னிடம் கையெழுத்து கேட்டவர்கள் 14 வருடத்தில் இரண்டே பேர். இருவருக்கும் போட்டுக் கொடுத்தேன். அடுத்த சீட்டுக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

சும்மாபடிப்பவன்

அக்கா, நீங்கள் எழுதிய கடைசி நான்கு வரியில் நான் இரண்டு வருடம் படித்தது முழுக்க இருக்கிறது. அம்மா சொன்ன "கேட்டா என்ன நினைப்பா" என்பது கண்மூடித்தனம் இல்லை, நல்ல கணக்கு. கேட்டால் அடுத்த சீட்டில் இடம் இல்லை. சீட்டில் இடம் இல்லை என்றால் அந்தத் திண்ணைப் பேச்சில் இடம் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடு ராத்திரியில் தட்டக் கதவு இல்லை. ஓடிப்போவார் என்ற அபாயம் நூற்றில் ஒன்றாகத் தெரிகிறது, கேட்டால் முகம் மாறும் என்பது உறுதி. இந்த இரண்டையும் தராசில் வைத்தால் நானும் கேட்க மாட்டேன்.

கறார்கந்தசாமி

சரி, பேராசை என்றதை வாபஸ் வாங்குகிறேன். கூச்சம் என்று திருத்திக்கொள்ளலாமா?

பத்திரக்கட்டு

பதிவுத்துறைப் பக்கம் பல வருடம் குப்பை கொட்டியவன். சட்டம் இந்தக் கூச்சத்துக்கு மருந்து வைத்திருக்கிறது, யாரும் சாப்பிடுவதில்லை. 1961-லேயே இந்த மாநிலத்துக்குத் தனிச் சீட்டுச் சட்டம் இருந்தது, 1982-ல் மத்தியச் சட்டம் வந்தது. நடத்துபவர் முன் அனுமதி வாங்க வேண்டும், சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டோ, வேறு ஈடு கொடுத்தோ காட்ட வேண்டும், அப்புறம்தான் சீட்டு. கமிஷன் 5 சதவீதமாக இருந்ததை 2019 திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். இதன் அழகு என்னவென்றால் ரசீதும் ஒப்பந்தமும் கட்டாயம் என்பதால் யாரும் யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்டதாக ஆகாது. 'சட்டம் கேட்கிறது, நான் என்ன செய்ய' என்று சொல்லிவிடலாம். நடைமுறையில் தெரு அக்காவால் ஒரு லட்சத்தை முடக்கிப் போட்டுவிட்டுச் சீட்டு நடத்த முடியாது, அதுவும் உண்மை.

பழைய பெயர் இருந்தால் போதும் என்றும் நம்பாதீர்கள். மயிலாப்பூரில் 1872-ல் தொடங்கிய நிதி நிறுவனம், மூன்று தலைமுறையாகப் பணம் போட்டவர்கள் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார்.

வைகைக்கரை தம்பி, அம்மாவின் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுங்கள். மற்றவர்களின் நோட்டுகளையும் சேர்த்து மாநகரக் காவல் அலுவலகத்தில் ஒரே புகாராகக் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் அலைய விடுவார்கள்.

கூட்டிக்கழி

தாமதமாக வந்தேன். ஒரு கணக்கு யாரும் போடவில்லையே.

17 ஏலம் முடிந்தது. முதல் சீட்டு வழக்கப்படி நடத்துபவருக்கு. கடைசியாக அம்மா எடுத்த சீட்டுக்குப் பணம் வரவில்லை. ஆக நடுவில் 15 சீட்டு எடுக்கப்பட்டுப் பணமும் கொடுக்கப்பட்டுவிட்டது. 17-ஆவது மாத வசூல் சீட்டுக்கு 4,950, அக்காவுடையதை விட்டால் 19 சீட்டு, 94,050 ரூபாய். அக்கா கையோடு கொண்டுபோனது இதுதான்.

எடுத்த அந்த 15 சீட்டுக்காரர்களும் இன்னும் மூன்று மாதம் கட்ட வேண்டும். 15 பெருக்கல் 3 பெருக்கல் 5,000. 2,25,000 ரூபாய். அது ஓடிப்போகவில்லை. உங்கள் தெருவிலேயே இருக்கிறது. அக்கா ஓடியதும் அவர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், சரிதானே?

வைகைக்கரை

இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன். கூட்டிக்கழி, நீங்கள் சொன்னது சரி. அம்மாவிடம் கணக்கைக் காட்டினேன். "தெரியும்டா" என்றார். முதல் நாளே தெரியுமாம். எடுத்தவர்களில் இரண்டு பேர் பூட்டிய வீட்டின் முன்னால் அம்மாவைவிடச் சத்தமாக அழுதார்களாம்.

ரொம்பச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போகச் சம்மதிக்க வைத்தேன். நான் கூட வரக் கூடாது என்றார். மூன்று வீடு போனார். முதல் வீட்டில் ஆள் இல்லை, டிவி சத்தம் மட்டும் கேட்டதாம். இரண்டாவது வீட்டில் ஒரு 5,000 கொடுத்து, மீதியை ஆவணிக்குள் தருகிறேன் என்று சொல்லி, அம்மா கேட்காமலேயே நோட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வீட்டில் காபி கொடுத்தார்களாம். பெண்ணுக்கு வரன் வந்திருப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்களாம். அவர்களும் சீட்டுப் பேச்சை எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை. நோட்டை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தேன் என்றார்.